கடைசி நான்கு அத்தியாயங்களைச் சேர்த்து அச்சிடுங்கள்

அமெரிக்க எழுத்தாளர் அப்டன் சின்கிளேரின் 'தி ஜங்கிள்' நாவலை மாணவர்களுக்காகச் சுருக்கி வெளியிடும் பதிப்பாசிரியர்களுக்கும், அந்தச் சுருக்கத்தையே பாடமாக வைக்க முடிவெடுத்த பாடத்திட்டக் குழுவினருக்கும்,

சிகாகோ இறைச்சி ஆலைகளுக்குப் பிழைக்க வரும் ஒரு லிதுவேனியக் குடும்பத்தின் கதையான இந்த நாவலில் 31 அத்தியாயங்கள் உண்டு. உங்கள் சுருக்கம் 27ஆம் அத்தியாயத்தோடு நின்றுவிடுகிறது. மிச்சம் நான்கும் சோஷலிசப் பிரச்சாரம், கதை அதற்கு முன்பே முடிந்துவிட்டது, சுகாதாரமற்ற இறைச்சியை அம்பலப்படுத்தி 1906இல் சட்டம் வரக் காரணமாக இருந்ததுதான் இந்த நூலின் பெருமை என்று உங்கள் முன்னுரை காரணம் சொல்கிறது. இந்த மூன்றையும் எங்களால் ஏற்க முடியவில்லை. பக்கம் போதவில்லை என்று சொல்லியிருந்தால் புரிந்துகொண்டிருப்போம். நீங்கள் சொல்லியிருப்பது நாவல் எதைப் பற்றியது என்பதையே மாற்றிவிடுகிறது.

இறைச்சியிலிருந்தே தொடங்குவோம். எல்லோரும் மேற்கோள் காட்டும் அந்தப் பகுதி 9ஆம் அத்தியாயத்தின் முடிவில் வருகிறது: கொதிக்கும் கொழுப்பு அண்டாவில் ஆள் விழுந்து, எலும்பு மட்டும் மிஞ்சி, மற்றதெல்லாம் பன்றிக்கொழுப்போடு சேர்ந்து விற்பனைக்குப் போய்விட்டது என்ற வரிகள். உங்கள் சுருக்கத்தில் அந்த வரிகள் இருக்கின்றன. அவற்றுக்கு மேலே இருந்த பத்திகளை எடுத்துவிட்டீர்கள். அந்தப் பத்திகள் என்ன? உப்பு ஊறல் அறையில் வேலை பார்ப்பவனின் விரல் மூட்டுகளை அமிலம் ஒவ்வொன்றாகத் தின்பது. எலும்பு நீக்குபவனின் கட்டைவிரல் வெட்டுப்பட்டு வெட்டுப்பட்டு வெறும் சதைத் துண்டாகிவிடுவது. இருநூறு பவுண்டு எடையுள்ள மாட்டுக் கால்பகுதியைத் தோளில் சுமந்து ரயில் பெட்டிகளில் ஏற்றுபவர்கள், விடியற்காலை நான்கு மணிக்கே வேலையைத் தொடங்கி, எத்தனை பலசாலியானாலும் சில வருடங்களில் ஓய்ந்துபோவது. குளிரறையில் ஒருவன் தாங்கக்கூடிய காலம் ஐந்து வருடம் என்று தொழிலாளர்களே கணக்கு வைத்திருப்பது. ஆட்டுத்தோலில் அமிலம் பூசியிருப்பதால் ரோமம் பிடுங்குபவர்களின் விரல்கள் அரித்துப்போவது.

வரிசையாக வேலைகளின் பெயர், ஒவ்வொரு வேலைக்கும் அதற்கே உரிய காயம். அந்த வரிசையில் கடைசியாக வருபவர்கள்தான் அண்டா அறைக்காரர்கள். அதாவது அது உணவுக் கலப்படத்தைப் பற்றிய பத்தியே அல்ல, தொழில்நோய்ப் பட்டியல். மேலே இருந்ததை வெட்டிக் கடைசி வரியை மட்டும் விட்டுவைத்ததால், செத்துப்போன தொழிலாளியை விட்டுவிட்டுக் கொழுப்பு வாங்கியவருக்காக அருவருப்புப்படும்படி வாசகரைத் திருப்பிவிட்டீர்கள். 1906இல் அமெரிக்க வாசகர்களுக்கு நடந்ததும் இதேதான். மக்களின் இதயத்தைக் குறிவைத்தேன், தற்செயலாக வயிற்றில் அடித்துவிட்டேன் என்று அதே ஆண்டு சின்கிளேர் எழுதினார். தன் நூலுக்கு நேர்ந்த விபத்து என்று அவர் வருந்திச் சொன்னதையே நீங்கள் அதன் சாதனையாக முன்னுரையில் போட்டிருக்கிறீர்கள்.

அந்தச் சட்டம் என்ன கொடுத்தது என்றும் பார்த்துவிடுவோம். அன்றைய அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் அனுப்பிய நீல், ரெனால்ட்ஸ் இருவரும் சிகாகோ இறைச்சி ஆலைகளைப் பார்த்து அறிக்கை கொடுத்தார்கள். 1906 ஜூன் 30 அன்று இறைச்சிப் பரிசோதனைச் சட்டமும் தூய உணவு, மருந்துச் சட்டமும் கையெழுத்தாயின. பரிசோதனைச் செலவை ஆலை முதலாளிகளிடம் வசூலிக்க வேண்டும் என்று முதலில் இருந்த ஏற்பாடு போய், ஆண்டுக்கு 30 லட்சம் டாலர் அரசு கஜானாவிலிருந்தே ஒதுக்கப்பட்டது. கூலி, வேலை நேரம், காயத்துக்கு நஷ்டஈடு, குழந்தைத் தொழிலாளர் என எதைப் பற்றியும் அந்தச் சட்டங்களில் ஒரு சொல் இல்லை. வேலையில் அடிபட்டால் இழப்பீடு என்ற சட்டம் இல்லினாய் மாநிலத்தில் 1911இல்தான் வந்தது. குழந்தை உழைப்பைக் கட்டுப்படுத்தி நிலைத்து நின்ற நாடு தழுவிய சட்டம் 1938இல். நாவல் தொடராக வந்துகொண்டிருந்த 1905ஆம் ஆண்டிலேயே, ரொட்டி அடுமனைத் தொழிலாளிக்கு நாளைக்குப் பத்து மணி நேரம், வாரத்துக்கு அறுபது மணி நேரம் என்று நியூயார்க் மாநிலம் வைத்த வரம்பை, ஒப்பந்தச் சுதந்திரத்துக்கு விரோதம் என்று சொல்லி அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ரொட்டியும் இறைச்சியும் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்ட நாடு, அவற்றைச் செய்யும் கை ஓய வேண்டும் என்பதை அப்போது ஏற்கவில்லை. "நாவலால் சட்டம் வந்தது, நிலைமை சரியானது" என்று படிக்கும் மாணவர் தவறான வரலாற்றைப் படிக்கிறார்.

கதை 27ஆம் அத்தியாயத்தில் முடிந்துவிடுகிறது என்பது இரண்டாவது வாதம். இந்த நாவல் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்த லிதுவேனியாவிலிருந்து பன்னிரண்டு பேர் வருகிறார்கள். யுர்கிஸ் திடகாத்திரமான இளைஞன். கஷ்டம் வரும்போதெல்லாம் அவனிடம் இருப்பது ஒரே பதில்: "நான் இன்னும் கடுமையாக உழைக்கிறேன்." அந்தப் பதில் தோற்கிறது. அப்புறம் சிக்கனம் தோற்கிறது. சொந்த வீடு தோற்கிறது. தொழிற்சங்கம், நீதிமன்றம், ஊரை விட்டு ஓடுவது, திருட்டு, ஆளுங்கட்சி அரசியல்வாதிக்கு அடியாளாவது, வேலைநிறுத்தத்தில் கருங்காலியாகப் போவது என, தனி ஒருவன் தப்பிக்கக்கூடிய வழிகள் அத்தனையையும் ஆசிரியர் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டி மூடுகிறார். 28ஆம் அத்தியாயத்தில் வரும் சோஷலிசக் கூட்டத்துக்கு அந்த வரிசையில்தான் பொருள். உங்கள் பதிப்பில் எல்லாக் கதவும் மூடியபின் புத்தகம் முடிந்துவிடுகிறது. அதைப் படிப்பவருக்குப் பரிதாபம்தான் மிஞ்சும். பரிதாபப்பட வைப்பதற்காக எழுதிய நூல் அல்ல இது. "அமெரிக்காவின் உழைக்கும் மக்களுக்கு" என்றுதான் அதன் சமர்ப்பணம்.

மூடிய கதவுகளில் ஒன்றை மட்டும் கணக்குப் போட்டுப் பாருங்கள். கணக்குகளையெல்லாம் சலிப்பூட்டும் விவரம் என்று நீங்கள் நீக்கிவிட்டதால் சொல்கிறோம். கொல்களத்தில் குடல்களைக் கூட்டித் தள்ளும் யுர்கிஸுக்கு மணிக்கு 17½ சென்ட். வீட்டின் விலை 1500 டாலர்: 300 டாலர் முன்பணம், மாதம் 12 டாலர் தவணை. விலையை மணிக்கூலியால் வகுத்தால் ஏறக்குறைய 8570 மணி நேரம். வாரம் அறுபது மணி நேர வேலை என்று வைத்தாலும், ஒரு சென்ட் கூடச் சாப்பாட்டுக்குச் செலவழிக்காமல் இரண்டே முக்கால் வருடம். பக்கத்து வீட்டுக் கிழவி சொன்ன பிறகுதான் பாக்கித் தொகைக்கு 7 சதவீத வட்டி உண்டு என்றே தெரியவருகிறது. 1200 டாலருக்கு மாத வட்டி 7 டாலர். ஆக 12 அல்ல, 19. அந்த 19 டாலருக்கு மாதம் 108 மணி நேரத்துக்கு மேல் உழைக்க வேண்டும்.

அந்த மணி நேரமாவது நிச்சயமா? ஒரு நிமிடம் தாமதமானால் ஒரு மணி நேரக் கூலி பிடித்தம். மணிக்கணக்கு முழுதாக இருந்தால்தான் கூலி என்பதால், ஐம்பது நிமிடம் வேலை செய்து மாடு தீர்ந்துபோனால் அந்த ஐம்பது நிமிடத்துக்கு ஒன்றும் கிடையாது. வேலை மந்தமான காலத்தில் காலை ஏழு மணிக்கே வந்து குளிரில் நிற்க வேண்டும், மாடு மதியத்துக்கு மேல் வரும், அன்று இரண்டு மணி நேரம்தான் வேலை என்றால் 35 சென்ட். அதனால்தான் பாதிரியாரிடமிருந்து இரண்டு வயது கூட்டிப்போட்ட சான்றிதழ் வாங்கி, குடும்பத்துச் சிறுவன் ஸ்தனிஸ்லோவாஸை மணிக்கு 5 சென்டுக்குக் கொழுப்பு டப்பா நிரப்பும் இயந்திரத்தின் முன் நிறுத்துகிறார்கள். இதில் எந்தத் தனி மனிதனும் வில்லன் இல்லை. வீடு விற்றவன், மேஸ்திரி, பாதிரியார் எல்லோரும் வழக்கப்படிதான் நடக்கிறார்கள். கணக்கை எடுத்துவிட்டால் அங்கே துரதிர்ஷ்டம்தான் தெரியும். கணக்கு இருந்தால்தான் ஏற்பாடு தெரியும். சோஷலிசம் கடைசியில் ஒட்டவைத்தது என்கிறீர்களே, அது முன்பகுதியின் எண்களுக்குள்ளேயே இருக்கிறது.

கடைசிப் பகுதி கதையோடு எப்படிப் பின்னியிருக்கிறது என்பதற்கு இரண்டு இடங்கள் போதும்.

முதலாவது, பன்றி. 3ஆம் அத்தியாயத்தில் குடும்பமே இறைச்சிக்கூடத்தைச் சுற்றிப் பார்க்கப் போகிறது. சக்கரத்தில் காலால் மாட்டித் தூக்கப்பட்டு வரிசையாகப் போகும் பன்றிகளைப் பார்த்து, நல்லவேளை நான் பன்றியாகப் பிறக்கவில்லை என்று யுர்கிஸ் முணுமுணுக்கிறான். 29ஆம் அத்தியாயத்தில், கால்சட்டை தைத்துப் பிழைக்கும் சோஷலிஸ்ட் ஒஸ்த்ரின்ஸ்கி தன் வீட்டில் வைத்து அவன் தாய்மொழியிலேயே பேசும்போது, அதே முணுமுணுப்பு அவன் நினைவுக்கு வருகிறது. பன்றியிடமிருந்து என்னென்ன எடுக்க முடியுமோ எல்லாம் எடுத்துக்கொண்டார்கள், அதன் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை, நானும் அவர்களுக்கு அப்படித்தான் இருந்திருக்கிறேன் என்று அவனுக்குப் புரிகிறது. 26 அத்தியாய இடைவெளியில் கேள்வியும் பதிலும். நீங்கள் கேள்வியை அச்சிட்டுப் பதிலை விட்டுவிட்டீர்கள். உங்கள் மாணவருக்கு 3ஆம் அத்தியாயம் வெறும் இரத்தக்களரிக் காட்சியாகத்தான் மிஞ்சும்.

இரண்டாவது, தூக்கம். 27ஆம் அத்தியாயத்தில், வேலையும் தங்க இடமும் இல்லாத யுர்கிஸ் குளிருக்கு ஒதுங்க ஒரு தேர்தல் கூட்டத்துக்குள் நுழைகிறான். மேடையில் செனட்டர் ஒருவர் இறக்குமதி வரியின் நன்மைகளை முழங்குகிறார். இவன் அசதியில் குறட்டை விடுகிறான். போலீஸ்காரர் கழுத்துப்பட்டையைப் பிடித்து வெளியே தள்ளுகிறார். 28இல் அதே குளிர், அதே அசதி, இன்னொரு கூட்டம், மறுபடியும் குறட்டை. இந்த முறை பக்கத்திலிருக்கும் பெண் மெதுவாகச் சொல்கிறாள்: "கொஞ்சம் கவனித்துக் கேட்டால் உங்களுக்குப் பிடிக்கலாம், தோழரே." தன்னைத் தோழர் என்று கூப்பிட்டது யார் என்று அவன் திகைத்துப்போகிறான். நாவலின் திருப்புமுனை மேடைப் பேச்சுக்கும் முன்னால், இந்த ஒரு விளிச்சொல்லில் இருக்கிறது. உங்கள் பதிப்பில் கழுத்தைப் பிடித்துத் தள்ளியது இருக்கிறது. 'தோழரே' இல்லை.

கடைசி அத்தியாயத்தில் குறையே இல்லை என்று நாங்கள் வாதிடவில்லை. 31ஆம் அத்தியாயத்தில் அறிவாளிகள் விருந்து மேசையைச் சுற்றி உட்கார்ந்து நீளமாக விவாதிக்கிறார்கள், யுர்கிஸ் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறான். இத்தனை அத்தியாயம் நாம் கூடவே வந்தவன் கடைசியில் வாய் திறக்காதது பெரிய குறைதான். அதைவிடப் பெரிது, குடும்பத்தோடு வந்த உறவுக்காரி மரியா. ஆலையில் சண்டைக்காரியாக, சங்கத்தில் துணிந்து பேசுபவளாக இருந்தவள், குடும்பத்துக்குச் சோறு போட விபசார விடுதிக்குப் போய், மார்ஃபின் பழக்கத்தில் சிக்குகிறாள். சோஷலிசத்தைக் கண்டடைந்த யுர்கிஸ், விடுதியிலிருந்து வந்துவிடு, தனக்கு மாதம் 30 டாலரில் ஓட்டல் வேலை கிடைத்திருக்கிறது என்று கூப்பிடுகிறான். அவள் வர மறுக்கிறாள். அவளுக்குப் புதிய நம்பிக்கையிடம் பதில் இல்லை, ஆசிரியரும் பூசி மெழுகவில்லை. பிரச்சாரம் என்று நீங்கள் ஒதுக்கிய பகுதிக்குள்தான் இதுவும் வருகிறது. வகுப்பில் இந்த முடிவு நம்பும்படி இருக்கிறதா, யாரை விட்டுவிடுகிறது என்று மாணவர்கள் சண்டை போட்டுப் பேசட்டும். அதற்கு முடிவு அவர்கள் கையில் இருக்க வேண்டும்.

பின்னணியையும் மறைக்காதீர்கள். இது தனியாக உட்கார்ந்து கற்பனை செய்த முடிவு அல்ல. 1904 ஜூலையில் தொடங்கிய இறைச்சித் தொழிலாளர் வேலைநிறுத்தம் தோற்றது. தேர்ச்சியற்ற தொழிலாளிக்கு மணிக்கு 18½ சென்ட் என்பது அதன் மையக் கோரிக்கை. தேர்ச்சி பெற்றவர்களும் அது இல்லாதவர்களின் கூலிக்காக வெளியே வந்து நின்றார்கள். அந்தத் தோல்விக்குப் பின், கன்சாஸ் மாநிலத்தின் ஜிரார்ட் நகரிலிருந்து வந்த 'அப்பீல் டு ரீசன்' என்ற சோஷலிச வார இதழ் கொடுத்த 500 டாலர் முன்பணத்தோடு சின்கிளேர் சிகாகோ போய் ஏழு வாரம் தங்கினார். 1905 பிப்ரவரியிலிருந்து அந்த இதழில்தான் தொடர் வந்தது. பல பதிப்பகங்கள் மறுத்தபின் 1906 பிப்ரவரியில் புத்தகமானது. 1900 குடியரசுத் தலைவர் தேர்தலில் ஒரு லட்சத்துக்கும் குறைவான வாக்கு வாங்கிய சோஷலிச வேட்பாளர் யூஜின் டெப்ஸ் 1904இல் நான்கு லட்சத்தைத் தாண்டியிருந்தார். நாவலின் கடைசிப் பக்கங்களில் வரும் தேர்தல் இரவு அந்த இரவுதான்.

மறைக்கக் கூடாத இன்னொன்றும் உண்டு, அது எங்களுக்கும் கசப்பானது. 26ஆம் அத்தியாயத்தில் வேலைநிறுத்தத்தை உடைக்கத் தெற்கிலிருந்து கொண்டுவரப்பட்ட கறுப்பினத் தொழிலாளர்களைச் சின்கிளேர் இழிவாக வர்ணிக்கிறார். லிதுவேனியக் குடியானவனுக்குக் கொடுத்த மனிதத்தன்மையை அவர்களுக்குக் கொடுக்கவில்லை. நீங்கள் அந்த வரிகளைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டீர்கள். அது ஆசிரியருக்குச் செய்த சலுகை. வரிகள் இருக்கட்டும், கீழே குறிப்பு போடுங்கள்: அன்றைய பல தொழிற்சங்கங்கள் கறுப்பினத்தவருக்குக் கதவை மூடியே வைத்திருந்தன, சங்கத்துக்குள் விடாதவனைக் கருங்காலி என்று ஏசியது அந்த இயக்கத்தின் பெரிய ஓட்டை என்று சொல்லுங்கள்.

மொழிபெயர்ப்பில் திருத்த வேண்டியவையும் இருக்கின்றன. லிதுவேனிய மொழியில் 'ஜே' எழுத்து 'ய' என்று ஒலிக்கும். ஜர்கிஸ் அல்ல, யுர்கிஸ். ஜோனாஸ் அல்ல, யோனாஸ். 'தேதா எல்ஸ்பியெதா' என்பதில் 'தேதா' பெயரின் பகுதி அல்ல, உறவுமுறை. அவள் யுர்கிஸின் மனைவி ஓனாவின் மாற்றாந்தாய், 'தேதா' என்றால் அத்தை, சித்தி. தமிழில் சித்தி என்ற ஒரே சொல் இரண்டுக்கும் பொருந்தும்போது அதை விட்டுவிட்டு 'திருமதி' என்று போடுவானேன்? முதல் அத்தியாயத் திருமணத்தில் ஆண்கள் ஒவ்வொருவராக மணப்பெண்ணோடு ஆடிவிட்டுத் தொப்பியில் பணம் போடுவதை 'நன்கொடை' என்று எழுதியிருக்கிறீர்கள். அது மொய். 200 முதல் 300 டாலர் வரை ஆகும் கல்யாணச் செலவு மொய்யில் திரும்பிவிடும் என்பதுதான் ஊர் வழக்கம். புது நாட்டில் இளைஞர்கள் சாப்பிட்டுவிட்டு மொய் வைக்காமல் நழுவுகிறார்கள், கடன் குடும்பத்தின் தலையில் விழுகிறது. நன்கொடை என்றால் அந்த அவமானமும் இல்லை, கடனும் புரியாது.

எனவே நாங்கள் கேட்பது இது.

அடுத்த அச்சிலேயே 28 முதல் 31 வரையுள்ள அத்தியாயங்களைச் சேருங்கள். பக்கம் மிகுந்துவிடும் என்றால், குடிபோதையில் வரும் பணக்கார இளைஞனின் மாளிகைக் காட்சியான 24ஐயும், 25இன் திருட்டுச் சம்பவங்களில் பாதியையும் சுருக்குங்கள். 31இன் விவாதத்தில் சில பத்திகளைக் குறைப்பதில் கூட எங்களுக்கு ஆட்சேபணை இல்லை, எங்கே குறைத்தீர்கள் என்று புள்ளிக்கோடு போட்டால் போதும். 9ஆம் அத்தியாயத்தின் காயப் பட்டியலை முழுதாகத் திருப்பி வையுங்கள். 4, 6, 8 அத்தியாயங்களில் வீட்டு ஒப்பந்தம், வட்டி, மணிக்கூலி எண்கள் ஒன்றையும் விடாதீர்கள். அட்டையில் 'சுருக்கப் பதிப்பு' என்றும், உள்ளே எந்தெந்த அத்தியாயம் குறைக்கப்பட்டது என்றும் அச்சிடுங்கள். இப்போதைய பதிப்பில் அந்த விவரம் எங்குமே இல்லை.

பாடத்திட்டக் குழுவினருக்கு: "இந்நாவலால் வந்த சட்டம் எது?" என்ற ஒற்றை வரிக் கேள்வியை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக, குடும்பத்தின் ஒரு மாத வரவு செலவை நாவலில் உள்ள எண்களைக் கொண்டு எழுதச் சொல்லுங்கள். யார் யார் சம்பாதிக்கிறார்கள், தவணை, வட்டி, கரி, சாப்பாடு போக என்ன மிஞ்சுகிறது, யாராவது ஒருவர் இரண்டு வாரம் படுத்தால் என்ன ஆகும் என்று அவர்களே போட்டுப் பார்க்கட்டும். 11ஆம் அத்தியாயத்தில் யுர்கிஸின் கணுக்கால் பிசகும்போது என்ன நடக்கப்போகிறது என்பதை அவர்கள் பக்கத்தைத் திருப்புவதற்கு முன்பே சொல்லிவிடுவார்கள்.

மூல நூலின் காப்புரிமை அமெரிக்காவில் எப்போதோ காலாவதியாகிவிட்டது. முழு மூலத்தை எடுத்து ஒப்பிட எந்தத் தடையும் இல்லை. விடுபட்ட நான்கு அத்தியாயங்களின் மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கவும், குறிப்புகள் எழுதவும் எங்களில் சிலர் ஊதியமின்றி உழைக்கத் தயாராக இருக்கிறோம். மறு அச்சுக்குப் போவதற்கு முன் எழுத்து மூலமாகப் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
இந்த நாவலைப் படித்தும் பயிற்றுவித்தும் வரும் வாசகர்கள் சிலர்